என் சிறுநீரகத்தைப் பார்க்க நெடுந்தீவுக்கு

எனக்கு இரண்டு சிறுநீரகங்கள். ஒன்று நோர்வேயில், பெர்கன் நகரில், என்னோடு சேர்ந்து பஸ் ஓட்டுகிறது. மற்றது நெடுந்தீவில் மீன் பிடிக்கிறது. சமாதான ஒப்பந்தம் எழுதிய வருடம் கொழும்புக்குப் போய், ஒன்றை எடுத்து அண்ணைக்கு வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். போன இடத்தில் அது ஒரு குறையும் வைக்கவில்லை. கடலுக்குப் போனது, கணவாய்க் கறி தின்றது, கோயில் திருநாளுக்குப் பந்தல் கட்டியது. நாலு வருடம் கழித்து அதன் சுகத்தை விசாரிக்க நான் மறுபடியும் விமானம் ஏற வேண்டி வந்தது.

அண்ணையின் பெயர் சூசை. கடைசியாகக் கொழும்புக் கிளினிக்குக்கு வந்தபோது அவருடைய காலில் நாவற்பழ நிறத்தில் சில தழும்புகள் இருப்பதை டொக்டர் கண்டிருக்கிறார். ஒன்றிலிருந்து கொஞ்சம் தோல் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மறுமொழி வருவதற்குள் அண்ணை தீவுக்குத் திரும்பிவிட்டார். வந்த மறுமொழி புற்றுநோய். சிறுநீரகத்துக்காகப் போடுகிற மருந்தைக் குறைக்க வேண்டும், உடனே புறப்பட்டு வா என்று டொக்டர் தொலைபேசியில் சொன்னாராம். அண்ணை "ஓம்" என்று ஒத்துக்கொண்டாராம். நானும் பெர்கனிலிருந்து எடுத்துச் சொன்னேன். எனக்கும் "ஓம்". பிறகு ஒருநாள் அண்ணையின் மனைவி, பிலோமினா மச்சாள், என்னைக் கூப்பிட்டு அழுதாள். தழும்பு துடை வரைக்கும் ஏறிவிட்டது, மனிசன் தீவை விட்டு அசையவுமில்லை, ஒரு குளிசையைக் குறைக்கவுமில்லை என்றாள். எங்கள் ஆட்கள் ஓம் என்று சொன்னால் காதில் விழுந்தது என்று மட்டும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

கொழும்பில் இறங்கிய அன்றே டொக்டரைப் பார்த்தேன். சிங்களவர், நல்ல மனிதர், பேசும்போது பேனையை மூடித் திறந்துகொண்டே இருப்பார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். என் சிறுநீரகம் அண்ணையின் உடம்புக்கு அந்நியப் பொருள். உடம்பின் காவலாட்கள் அதைக் கண்டால் அடிப்பார்கள். அடிக்காமல் இருக்கத்தான் அந்தக் குளிசைகள். அவை காவலாட்களை உறங்கவைக்கும். ஆனால் உடம்பில் எங்கேயாவது ஒரு உயிர்க்கலம் கெட்டுப்போனால் அதைப் பிடித்து அழிப்பதும் அதே காவலாட்கள்தான். அவர்கள் உறங்கினால் கெட்டது பெருகும். அண்ணைக்கு நடந்தது அதுதான்.

காவற்படை விழித்திருப்பது நல்லது என்று எங்கள் தீவாருக்குச் சொல்லிப் பாருங்கள், ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்றேன். டொக்டர் சிரித்தார். நான் அதை என் தொழிலுக்கு மாற்றிப் புரிந்துகொண்டேன். என் சிறுநீரகத்தில் மோதாமல் இருப்பதற்காக அண்ணையின் உடம்பு நாலு வருடமாகப் பிரேக்கை மிதித்தபடி நிற்கிறது. நிற்கிற பஸ்ஸில் கண்டவனும் ஏறிவிட்டான்.

"காலை எடுத்தால்?" என்று கேட்டேன்.

வெட்டி எடுப்பதால் தீராது, ஆனால் சிலருக்கு மருந்தைக் குறைத்த பிறகு தழும்புகள் தாமாகவே சுருங்கியிருக்கின்றன என்றார். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டார். விழித்தெழும் காவலாட்கள் சிறுநீரகத்தையும் அடிக்கலாம். அதை இழக்கவும் நேரலாம். அதனால் இரத்தத்தை அடிக்கடி சோதித்தபடி கொழும்பில் வைத்துத்தான் குறைக்க வேண்டும். நோய் நுரையீரலுக்குப் போய்விட்டால் பிறகு குறைத்தும் பயன் இருக்குமோ தெரியாது. பேனையை மூடிவிட்டு, "கூட்டிக்கொண்டு வா, சுணங்காதே" என்றார்.

வெளியே வந்து ஒரு தேத்தண்ணீர்க் கடையில் உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் வந்தது. என் உடம்பிலிருந்து போன துண்டு அது. அதற்காக விலாப்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் அடையாளம் வைத்திருக்கிறேன். அதைச் சாகவிடு என்று எவ்வளவு இலேசாகச் சொல்கிறார்கள். அழுகையும் வந்தது. பிறகுதான், அண்ணை செத்தால் அதுவும் சேர்ந்துதானே சாகும் என்று மண்டையில் ஏறியது. வடைக்கு வந்த சம்பல் பழுதாகியிருந்தது. அதையும் தின்றுவிட்டு எழும்பினேன்.

அடுத்த நாள் வடக்கே போகும் பஸ். பஸ் ஓட்டுபவள் இன்னொருவர் ஓட்டும் பஸ்ஸில் போவதைப் போலக் கொடுமை வேறில்லை. சாரதி ஒரு கையால் ஓட்டினான், மற்றக் கையால் வெற்றிலை மடித்தான். வளைவுகளில் நான் என் காலுக்குக் கீழே இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துத் துடை நொந்துபோனது. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறக்கிப் பைகளைக் கிண்டினார்கள். முகமாலையில் மறுபடியும் இறக்கிக் கிண்டினார்கள். இடையில் முறிகண்டிக் கோயிலில் எல்லோரும் இறங்கித் தேங்காய் உடைத்தார்கள். நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், கச்சான் கடலை வாங்கித் தின்றேன். ஒப்பந்தம் கடதாசியில் இன்னும் இருந்தது. ஆனால் ஆமியும் இயக்கமும் இரண்டு பக்கமும் மண்மூட்டைகளைப் புதிதாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் கடைகள் பொழுதுபடுமுன்பே கதவைச் சாத்தின. முதல்நாள் எங்கேயோ றோட்டோரத்தில் குண்டு வெடித்தது என்றார்கள். எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். பாதை பூட்டப் போகிறது, வள்ளம் நிற்கப் போகிறது என்று எந்நேரமும் கதை. பெர்கனில் பஸ் இரண்டு நிமிடம் பிந்தினால் முறைப்பாடு எழுதுகிறவர்களைக் கொண்டுவந்து இங்கே ஒரு கிழமை விட வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் விடிய, தீவு வள்ளங்கள் புறப்படும் குறிகட்டுவான் துறைக்குப் போகிற பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் சரஸ்வதி ரீச்சர் இருந்தா. நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவ. சொந்த இடம் புங்குடுதீவு. மடியில் பெரிய பை, காலடியில் அதைவிடப் பெரிய பை. நான் பஸ் சாரதி என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அப்படியென்றால் இந்த பஸ்ஸைப் பற்றி என்ன சொல்கிறீர் என்று கேட்டா. கிளச் போகப்போகிறது என்றேன். மண்கும்பானில் போனது.

என் வாயைக் கழுவ வேண்டும். சாரதி பஸ்ஸுக்கு அடியில் படுத்தான். சனம் இறங்கி நிழல் தேடியது. பக்கத்தில் வெள்ளை மணலும் கடலுமாக அவ்வளவு வடிவாக இருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பத்திக்கொண்டு வந்தது. வள்ளம் எங்களுக்காக நிற்காது. நான் போய்ச் சாரதியிடம் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அவன் அடியிலிருந்தே, "அக்கா, அவசரமெண்டா நீந்திப் போங்கோ" என்றான். ரீச்சர் என்னை இழுத்துக்கொண்டு போய் மரத்தடியில் இருத்தி, பையிலிருந்து பிட்டும் மீன் பொரியலும் எடுத்துத் தந்தா. வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணை இந்நேரம் காலைக் குளிசையை விழுங்கியிருப்பார் என்ற நினைப்பே திரும்பத் திரும்ப வந்தது.

நாங்கள் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது நெடுந்தீவு வள்ளம் போய்விட்டது. நயினாதீவு வள்ளங்கள் மட்டும் ஓடின. அம்மனுக்குப் போகிற ஐயர் குடும்பமும் விகாரைக்குப் போகிற சிங்களக் கிழவிகளும் ஒரே பலகையில் நெருக்கியடித்து இருந்தார்கள். காற்று எழும்பியிருந்தது. இன்றைக்கு நெடுந்தீவுக்கு இனி ஒன்றும் இல்லை என்றான் கடற்படைக்காரன். அவன் என் பையைத் திறந்தான். உள்ளே நோர்வேயில் காயவைத்த கொட் மீன், அண்ணைக்காகக் கொண்டுவந்தது. முகர்ந்துபார்த்துவிட்டு மற்றவனிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னான், இரண்டு பேரும் சிரித்தார்கள். ரீச்சர் மொழிபெயர்த்தா: "வெளிநாட்டிலிருந்து தீவுக்குக் கருவாடு கொண்டுபோகிற ஒரே மனுஷி இவள்தான்." கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். என்னாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

அன்று ரீச்சரின் தங்கை வீட்டில், புங்குடுதீவில் தங்கினேன். பெரிய வீடு. பாதிப் பேர் பிரான்சில், மீதிப் பேர் கனடாவில். மூடிக் கிடந்த அறைகளில் சாமான் குவிந்து கிடந்தது. அரிசி மூட்டை, பருப்பு, சவர்க்காரம், மெழுகுதிரி, பனடோல், நெருப்புப்பெட்டி. கல்யாண வீடா என்று கேட்டேன்.

"இஞ்சை ஆரும் ஒரு கிழமைக்கெண்டு சாமான் வாங்கிறேல்லை" என்றா ரீச்சர். "வள்ளமும் பஸ்ஸும் நிண்டால் என்ன செய்யிறது? கையிலை கிடைக்கிற நேரம் கூட வாங்கி ஒளிச்சு வைச்சிடவேணும். அப்பிடித்தானே இவ்வளவு காலமும் சீவிச்சனாங்கள்."

நண்டுக் குழம்பும் சோறும் தந்தார்கள். நண்டை உடைக்கிற சத்தத்தில் கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் மறந்தேன். ரீச்சர் சொன்ன அந்தப் பேச்சை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் வள்ளம் புறப்பட்டது. பெர்கனில் நாங்கள் தீவுக்குப் போகிற படகில் கண்ணாடி யன்னலும் கோப்பியும் சுடச்சுட வாஃபிளும் இருக்கும். இங்கே மூட்டைகளுக்கும் கோழிக் கூடைக்கும் நடுவில் குனிந்து உட்கார இடம் கிடைத்ததே பெரிது. டீசல் மணமும் யாரோ சத்தியெடுத்த மணமும் கலந்து வந்தன. நடுக்கடலில் இயந்திரம் இரண்டு தரம் இருமி நின்றது. நிற்கிற ஒவ்வொரு தரமும் பேச்சும் நின்றது. ஒரு கிழவர் மட்டும், இது பசிக்கிற நேரத்தில் இப்படித்தான் செய்யும் என்றார். இயந்திரக்காரன் எதையோ தட்டினான், மறுபடியும் ஓடியது. ரீச்சர் இதற்கிடையில் பரீட்சைத் தாள் திருத்தி முடித்துவிட்டா.

துறையில் அண்ணை நின்றார். சாரத்தைக் குதிக்கால் வரை இறக்கிக் கட்டியிருந்தார். கடல்தொழில் செய்கிற மனிதன் ஒருநாளும் அப்படிக் கட்ட மாட்டான். முகம் வெளிறியிருந்தது. நான் கட்டிப்பிடித்தேன். "ஏன் மெலிஞ்சு போனாய்" என்று அவர் என்னைக் கேட்டார். உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி, பவளக் கோறைக்கல் மதில்களுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கி வீட்டுக்குப் போனோம். என் ஒரு கை அவர் தோளிலேயே இருந்தது.

மச்சாள் குசினியில் கணவாய்க் கறியும் முருங்கையிலைச் சுண்டலும் வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்தோம். பிறகு காலைக் காட்டுங்கள் என்றேன். அண்ணை மாட்டேன் என்றார். மச்சாள் எழுந்துவந்து அவருடைய சாரத்தைத் தானே தூக்கினாள். இடது கால் வீங்கி மினுங்கியது. பாதத்திலிருந்து துடை வரைக்கும் கருநாவல் நிறத்தில் தழும்புகள். சில தட்டையாக, சில கட்டியாக. நான் நினைத்து வந்ததைவிட மோசம்.

ஏன் மருந்தைக் குறைக்கக் கொழும்புக்குப் போகவில்லை என்று கேட்டேன். அண்ணை சாரத்தை இறக்கிவிட்டார். மச்சாள் அலுமாரியைத் திறந்து பால்மா வந்த தகர ரின் ஒன்றை எடுத்துக் கதிரையில் வைத்தாள். உள்ளே நிறைய மஞ்சள் குளிசைகள். வள்ளம் நிற்கும் என்ற பயத்தில் நாலு வருடமாகக் கிளினிக்கில் கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சேர்த்தவை. ரீச்சரின் தங்கை வீட்டு அறைகள் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தன.

"குறைக்கேல்லை எண்டு சொன்னனான் உனக்கு" என்றாள் மச்சாள். "முழுக்கச் சொல்லேல்லை. இவர் கூட்டிப் போடுறார்."

நான் ரின்னை எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன்.

"முதல் தழும்பைக் கண்டவுடனை பயந்திட்டன்" என்றார் அண்ணை. "உன்ர கிட்னியை உடம்பு ஏற்குதில்லை, அதுதான் வெளியாலை காட்டுது எண்டு நினைச்சன். ஒண்டு போடுற இடத்திலை ரண்டு போட்டன்."

"பிறகு டொக்டர் குறைக்கச் சொன்னவரெல்லோ?"

"அவருக்கென்ன, அது அவற்ர கிட்னியே?"

நான் சத்தம் போட்டேன். அந்தக் குளிசைதான் உடம்பின் கையைக் கட்டி வைத்திருக்கிறது, கட்டியதால்தான் இது வளர்கிறது, ஒவ்வொரு மஞ்சள் குளிசையும் இதற்குப் போடுகிற தீனி என்று கத்தினேன். பிரேக் கதையையும் சொன்னேன். அண்ணை எல்லாவற்றையும் தலையை ஆட்டிக் கேட்டார். அவருக்கு விளங்காமல் இல்லை. குறைத்தால் கிட்னிக்கு ஒன்றும் நடக்காது என்று டொக்டர் சொன்னாரா என்று மட்டும் கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை.

"உன்ர பொருள் என்னட்டை கிடக்கு" என்றார். "அதைச் சாகவிட்டிட்டு நான் இருக்கிறதோ? ஏலாது, றீற்றா."

மச்சாள் கிணற்றடியில் போய் இருந்து அழுதாள். பொழுதுபட அண்ணை இரண்டு குளிசைகளை எடுத்து என் முன்னாலேயே விழுங்கினார். நான் கையைப் பிடித்துத் தடுத்தும் பார்த்தேன். தொழில் செய்த கை, என்னை மெல்ல அகற்றிவிட்டது.

விடிந்ததும் அண்ணை கரைக்குப் போனார். அவரால் இப்போது கடலுக்குப் போக ஏலாது, ஆனால் கரைக்குப் போகாமலும் இருக்க ஏலாது. நான் பின்னால் போனேன். பீற்றர் என்பவருடைய வள்ளம் அப்போதுதான் வந்து ஏறியிருந்தது. வலையில் பாதிதான் இருந்தது. மீதி வெட்டுண்டு தும்பு தும்பாகத் தொங்கியது. வலை பீற்றருடையது அல்ல, மரியான் என்ற வயதாளியுடையது. எங்கள் கரையில் வள்ளம் ஒருவருக்கு, வலை இன்னொருவருக்கு இருப்பது வழக்கம், வலைக்கென்று தனிப் பங்கு உண்டு. இவ்வளவு நட்டத்துக்கு இனிப் பெரிய சண்டை வரும் என்று பார்த்தேன். மரியான் வள்ளத்து விளிம்பில் இருந்து சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பீற்றர் அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

ஏன் ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை என்று அண்ணையிடம் கேட்டேன்.

"என்னத்துக்குச் சண்டை?" என்றார். "வலை அடிக்கல்லுப் பாரிலை சிக்கிப்போச்சு, கடல் எழும்பீட்டுது. அறுக்காட்டி வள்ளம் தாழ்ந்திருக்கும். மற்றவன்ர வலையிலை பீற்றர் கத்தி வைக்கேலாது. ஆனா மரியான் வள்ளத்திலை இருந்தவர். அறு எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லிப்போட்டார். வலைக்காரன் சொன்னால் அறுக்கவேணும்."

"சொன்ன பிறகும் அறுக்காட்டி?"

"அப்பிடி நிக்கிறவனை ஒருத்தரும் தொழிலுக்குக் கூட்டிக்கொண்டு போகாயினம். ஆக்களைக் கொல்லுறவன்."

என்ன செய்யப் போகிறேன் என்று தெரிந்துவிட்டது. அதைச் செய்ய எனக்கு விருப்பமில்லை என்பதும் தெரிந்தது. கையை விலாவில், தையல் அடையாளத்தின் மேல் வைத்துக்கொண்டேன். கரையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் எதைக் கொடுத்தேன் என்பது தீவில் அறியாதவர் இல்லை. அந்த நாளில் கோயிலில் எனக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தவர்கள் அவர்கள்.

"அண்ணை" என்றேன், எல்லோருக்கும் கேட்க. "உங்கட வயித்துக்குள்ளை கிடக்கிறது ஆருடைய வலை?"

அண்ணை திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. "வேண்டாம், றீற்றா" என்றார்.

"அது என்ர வலை. பாரிலை சிக்கிப்போச்சு. வள்ளம் தாழப்போகுது. வலைக்காரி நான் சொல்லுறன், எல்லாரும் கேளுங்கோ." அண்ணையின் முகத்தை நேரே பார்த்துச் சொன்னேன். "அறுங்கோ, அண்ணை."

பீற்றர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். மரியான் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"சொல்லிப்போட்டாள், சூசை" என்றார். "எங்கள் எல்லாருக்கும் கேட்டது."

அண்ணை மணலில் இருந்துவிட்டார். பெரிய மனிதன், எங்கள் தகப்பன் செத்த அன்றைக்கும் அழாதவர், முகத்தைச் சாரத்தில் புதைத்துக்கொண்டு அழுதார். நானும் பக்கத்தில் இருந்து அழுதேன். அவர் தன்னுயிருக்காக அழவில்லை, நான் அந்தத் துண்டுக்காகத்தான் அழுதேன். மரியானும் மற்றவர்களும் கொஞ்சம் தள்ளிப்போய், அறுந்த வலையை வெயிலில் விரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணை தானே ரின்னை எடுத்து என் கையில் தந்தார். அன்று டொக்டர் முதலில் எழுதித் தந்த அளவுக்கு ஒரு குளிசை மட்டும் போட்டார். போட்டுவிட்டு என் விலாப்பக்கம் பார்த்தார்.

"அதுக்கு நோகுமே?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

மறுநாள் கொழும்புக்குப் போக மூவரும் துறையில் காத்திருந்தோம். வள்ளம் வராது என்று ஒருவர் சொன்னார். வந்தாலும் குறிகட்டுவானில் இறங்க விடமாட்டார்கள் என்று இன்னொருவர் சொன்னார். பிந்தி வந்தது. குறிகட்டுவானில் பையைத் திறந்த கடற்படைக்காரன் ரின்னைக் கண்டு நிமிர்ந்தான். இவ்வளவு மருந்து யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று கேட்டான். இயக்கப் போராளிகளுக்கா என்பதுதான் அந்தக் காலத்தில் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்தது, அது எல்லோருக்கும் தெரியும். மச்சாள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். எனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லும் அதற்குப் போதவில்லை. துவக்கோடு இன்னொருவன் கிட்ட வந்தான்.

அண்ணை முன்னுக்குப் போய் நின்றார். சொந்தக் கரையிலேயே குதிக்கால்வரை சாரம் இறக்கிக் கட்டி ஒளித்த மனிதன், அத்தனை சனத்துக்கு முன்னால் சாரத்தைத் துடை வரைக்கும் தூக்கினார். பிறகு கிளினிக் அட்டையை நீட்டினார். கடற்படைக்காரன் காலைப் பார்த்தான். அட்டையைப் பார்க்கவில்லை. ரின்னை மூடி என்னிடம் தந்து, போ என்று கை காட்டினான். அவன் மற்றவனிடம் ஏதோ சொன்னான். மொழிபெயர்க்க ரீச்சர் பக்கத்தில் இல்லை.

குறிகட்டுவானிலிருந்து திரும்பிவருகிற பஸ் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கிளச் புதிது என்றான், நீந்திப் போகச் சொன்ன அதே சாரதி. நான் அவனுக்குப் பையில் மிச்சமிருந்த கொட் மீனில் பாதியைக் கொடுத்தேன்.

கொழும்பில் டொக்டர் ரின்னைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். நோய் இன்னும் நுரையீரலுக்குப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கத் தொடங்கினார். அண்ணையும் மச்சாளும் ஒரு அறை எடுத்துத் தங்கினார்கள். நான் லீவு முடிந்து பெர்கனுக்குத் திரும்பினேன். அந்த ஆவணியில் யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே வருகிற பாதை பூட்டப்பட்டது. அண்ணை தீவில் இருந்திருந்தால் அங்கேயே அகப்பட்டிருப்பார். மச்சாள் தொலைபேசியில் ஒவ்வொரு கிழமையும் காலைப் பற்றிச் சொல்வாள். கட்டி தட்டையானது, தட்டை மங்கியது, வீக்கம் வற்றியது. ஒரு நாள், தழும்பு எங்கே இருந்தது என்று விரலால் தடவித்தான் காட்டலாம் என்றாள்.

என் சிறுநீரகம் அடுத்த வருடம் மாரி வரைக்கும் தாக்குப்பிடித்தது.

அண்ணை தொலைபேசி எடுத்தபோது நான் பெர்கனில் கடைசி பஸ் தரிப்பில் நின்றேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவருடைய குரலுக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. இரத்தம் சுத்திகரிக்கிற இயந்திரம் என்று பிறகு தெரிந்தது.

"உன்ர வலை போயிட்டுது, றீற்றா" என்றார்.

அந்த வார்த்தைக்காக ஒரு வருடமாக என்னைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தேன். அப்படியும் விலாப்பக்கம் சுருக்கென்றது.

"வள்ளம் கரைக்கு வந்திட்டுதெல்லோ, அண்ணை" என்றேன்.

"ஓம்" என்றார். பிறகு, பனியில் பஸ் வழுக்காதா என்று கேட்டார். மச்சாள் கணவாய் காயவைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறோம் என்றார். தரிப்பில் சனம் சேர்ந்துவிட்டது. நான் கண்ணைத் துடைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.